ஒலிக்க மறுக்கும் ஒலிப்பதிவுகள்

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் சில குரல்கள் பொன்னைப் போலப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. மாதுங்காவிலும், கரோல் பாகிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்திலும், பிலாய், ஜாம்ஷெட்பூர் போன்ற எஃகு நகரங்களிலும் உள்ள நம்மவர் இல்லங்களில் பாட்டி பாடிய தாலாட்டு ஒன்று இருக்கும். காலஞ்சென்ற தந்தையார் குலதெய்வத்தின் கதையைச் சொல்லிய ஒரு மணி நேரப் பேச்சு இருக்கும். தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழா நாடகத்திற்கென்று சேர்த்து வைத்த பின்னணி இசை இருக்கும். முன்னர் காஸெட்டுகளில் இருந்த இக்குரல்கள் இப்போது கணிப்பொறிக்கு மாற்றப்பட்டு, இரைச்சல் நீக்கப்பட்டு, ஒலித்தொகுப்பு மென்பொருளின் கோப்புகளாக உறங்குகின்றன.

ஒரு நாள் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிவிப்புத் தோன்றுகிறது. சம்மதம் தெரிவிக்கிறோம். அதன் பிறகு பழைய பதிவைத் திறந்து ஒலிக்கச் சொன்னால் ஒலிப்பதில்லை. திரையில் ஒரு பிழைச் செய்தி மட்டுமே வருகிறது. உடனே, "குரல் போய்விட்டது" என்று மனம் பதறுகிறது. பெரும்பாலான வேளைகளில் குரல் போகவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால், அந்தப் பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்களால் அது உண்மையாகவே போய்விடக் கூடும். ஆகவே நடந்தது இன்னதென்று அறிந்துகொண்டு, எதை முதலிற் செய்வது, எதைச் செய்யாதிருப்பது என்று தெளிவது நன்று.

இவ்வகை மென்பொருள்கள் பல உள. அவற்றுள் விலையின்றிக் கிடைப்பதும், வீடுகளிலும் சங்கங்களிலும் பெரிதும் வழங்குவதும் 'ஆடாசிட்டி' என்பதாகும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் என்னும் இருவர் 1999-ஆம் ஆண்டு தொடங்கி, 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முதலாக வெளியிட்டது இது. ஈண்டு அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிற மென்பொருள்களைக் கையாள்வோர்க்கும் காரணங்கள் பெரும்பாலும் இவையே; பொத்தான்களின் பெயர்தான் மாறும்.

ஒலியின் பயணத்தை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். பதிவாகிய குரல் கோப்பில் எண்களாக இருக்கிறது. மென்பொருள் அவ்வெண்களைப் படித்து, கணிப்பொறியின் இயக்கமுறையிடம் கொடுக்கிறது. இயக்கமுறை அதனை ஏதேனும் ஓர் ஒலிச் சாதனத்திற்கு அனுப்புகிறது. சாதனம் அதை மின் அலையாக்கி ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ தருகிறது. வானொலியிற் பாட்டுக் கேட்கவில்லை என்றால் நிலையம் ஒலிபரப்பவில்லை என்று உடனே முடிவு கட்டுவோமா? முள் வேறு அலைவரிசையில் நிற்கிறதா என்றல்லவா முதலிற் பார்ப்போம்! இங்கும் அப்படியே.

எந்த இடத்தில் வழி அடைபட்டது என்பதைக் கண்டறிய மூன்று அடையாளங்கள் போதும். முதலாவது, திரையில் ஒலி அலையின் உருவம் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறதா என்பது. தெரிந்தால் குரல் கோப்பில் பத்திரமாக இருக்கிறது என்பது பெறப்படும். அதன் இடத்தில் நேர்கோடு மட்டும் நீண்டு கிடந்தால் கவலைக்கு இடமுண்டு. அதனைப் பின்னர்ப் பேசுவோம். இரண்டாவது, ஒலிக்கும் பொத்தானை அழுத்தும்போது மேலேயுள்ள ஒலியளவுமானியின் பச்சைப் பட்டை அசைகிறதா என்பது. அது அசைந்தும் காதில் ஒன்றும் விழவில்லையெனில், ஒலி வேறெங்கோ சென்றுகொண்டிருக்கிறது. மூன்றாவது, அதே கணிப்பொறியில் இணையத்துக் காணொளி ஏதேனும் ஒன்றைப் போட்டால் கேட்கிறதா என்பது. அதுவும் கேட்கவில்லையானால் குற்றம் மென்பொருளினுடையதன்று. ஸ்பீக்கரின் கம்பியையோ, கணிப்பொறியின் ஒலியளவையோ பார்க்க வேண்டியதுதான். அலையுருவம் தெரிந்து, பிழைச் செய்தியும் இன்றி, மானி மட்டும் அசையாதிருந்தால் அந்தத் தடத்தின் 'மியூட்' பொத்தான் அழுந்தியிருக்கிறதா, வேறொரு தடத்தின் 'சோலோ' பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று நோக்குக.

இனி, மிகுதியாக வரும் பிழைச் செய்திக்கு வருவோம். ஒலிச் சாதனத்தைத் திறக்க இயலவில்லை. ஆடியோ ஹோஸ்ட், ஒலிக்கும் சாதனம், பிராஜெக்டின் சாம்பிள் ரேட் ஆகியவற்றை மாற்றிப் பார்க்கவும் என்பது அச்செய்தியின் கருத்து. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு 'ஹோஸ்ட்' என்னும் சொல்லைக் கண்டவுடன் அகராதிப் பொருள் நினைவுக்கு வரும். 'விருந்தோம்புபவர்' என்று பெயர்த்து வைத்தால் படிப்பவர் திகைத்துப் போவார். ஆயினும் அச்செய்தி வீண் அச்சுறுத்தல் அன்று. பொதுவாகக் கணிப்பொறிகள் தரும் பிழைச் செய்திகளுள் இது மிக நேர்மையானது என்றே கூறுவோம். இடையூறு நேரக்கூடிய மூன்று இடங்களையும் அதுவே வரிசையாகச் சொல்லிவிடுகிறது.

ஹோஸ்ட் என்பது மென்பொருளுக்கும் ஒலிச் சாதனத்துக்கும் இடையே நின்று பேசும் தூதுவன். விண்டோஸ் கணிப்பொறியில் மூன்று தூதுவர்கள் உண்டு. எம்.எம்.இ. என்பது 1991-இல் வந்த முதியவர்; டைரக்ட்சவுண்டு 1995-இல் வந்தவர்; வாசாப்பி என்பவர் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த இளையவர். முதியவர் இணக்கமானவர், எந்த எண்ணிக்கையில் ஒலியைக் கொடுத்தாலும் சாதனத்துக்கேற்ப மாற்றிக் கொடுத்துவிடுவார். இளையவர் துல்லியமானவர், ஆனால் கண்டிப்பு மிக்கவர். ஆகவே வாசாப்பியில் பிழை வந்தால் எம்.எம்.இ.க்கு மாற்றிப் பார்ப்பதே முதற் சிகிச்சை. இதிற் குரலின் தரம் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டா. இது கேட்கும் வழியை மாற்றுவதேயன்றிப் பதிவை மாற்றுவதன்று.

இந்தத் தெரிவுப் பெட்டிகள் எங்கே போயின என்பதே புதிய பதிப்புக்கு வந்தவர்களின் முதற் குறை. பழைய பதிப்புகளில் ஹோஸ்ட், ஒலிக்கும் சாதனம், பதியும் சாதனம் ஆகியன திரையின் மேற்புறத்தில் வரிசையாக நின்றன. 2022-இல் வந்த 3.2 பதிப்பு முதல் அவையெல்லாம் 'ஆடியோ செட்டப்' என்ற ஒரே பொத்தானுக்குள் ஒடுங்கிவிட்டன. திரையின் இடக்கீழ் மூலையில் இருந்த சாம்பிள் ரேட்டும் அதனுள்ளே 'ஆடியோ செட்டிங்ஸ்' பகுதிக்குச் சென்றுவிட்டது. பயின்ற கைகளுக்கு இது எரிச்சலூட்டும் மாற்றந்தான்.

சாதனத்தின் பெயர் மாறி நிற்பது அடுத்த காரணம். மென்பொருள் நாம் சென்ற முறை தேர்ந்த சாதனத்தை நினைவில் வைத்திருக்கிறது. புதிய பதிப்பை நிறுவினாலும் பழைய அமைப்புக் கோப்பையே எடுத்துக்கொள்கிறது. முன்பு செருகியிருந்த ஹெட்போன் இப்போது இல்லையென்றால், இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியையோ மானிட்டரையோ இணைத்தால் அதுவும் ஓர் ஒலிச் சாதனமாகப் பட்டியலில் ஏறிவிடும். அதற்கு ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் ஒலி அங்கே சென்று மறையும். மானி அசைந்தும் குரல் கேளாமைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். எம்.எம்.இ. சாதனங்களின் பெயரில் முதல் 31 எழுத்துகளையே காட்டும். நீண்ட பெயருடைய இரு சாதனங்கள் பட்டியலில் ஒன்றுபோலவே தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. 'மைக்ரோசாஃப்ட் சவுண்டு மேப்பர்' என்பதைத் தேர்ந்து வைத்தால், கணிப்பொறி அப்போது எதன் வழியே ஒலிக்கிறதோ அதன் வழியே இதுவும் ஒலிக்கும். புதிதாக ஒன்றைச் செருகியபின் பட்டியலில் அது காணப்படாவிட்டால் மென்பொருளை மூடித் திறத்தல் போதும்.

புளூடூத் ஹெட்செட் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். அதற்கு இரு நிலைகள் உண்டு: இசை கேட்பதற்கு ஒன்று, தொலைபேசியிற் பேசுவதற்கு ஒன்று. அதன் மைக்கைப் பதியும் சாதனமாகத் தேர்ந்து பதியத் தொடங்கினால், அது இரண்டாம் நிலைக்குத் தாழ்ந்துவிடும். பாட்டியின் குரல் பழைய டிரங்க் கால் போல மெலிந்து ஒலிக்கும். பதிவு கெட்டுவிட்டதென்று எண்ணாமல் கம்பியுள்ள ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாகிய சாம்பிள் ரேட் என்பது ஒரு விநாடியில் ஒலியை எத்தனை முறை அளந்து எண்ணாக்கினோம் என்பதாகும். இசைத்தட்டான சி.டி.க்கு 44,100, திரைப்படம், காணொளி ஆகியவற்றிற்கு 48,000. பிராஜெக்ட் ஓர் எண்ணைச் சொல்ல, சாதனம் வேறோர் எண்ணில் நின்றால், கண்டிப்பான தூதுவர் கதவைத் திறக்க மறுப்பது உண்டு. விண்டோஸின் ஒலி அமைப்பில் அச்சாதனத்தின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் அதன் எண் குறிக்கப்பட்டிருக்கும், இரண்டையும் ஒன்றாக்குக.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிராஜெக்டின் ரேட்டை மாற்றலாம். அதனாற் குரல் மாறாது. ஆனால் ஒவ்வொரு தடத்தின் பெயருக்கருகே உள்ள பட்டியலிலும் 'ரேட்' என்ற ஒன்று உண்டு. அதை மாற்றினால் சுருதியும் காலமும் மாறிவிடும். 48,000-இல் பதிந்த பாட்டை 44,100 என்று குறித்து ஒலிக்கச் செய்தால், 60 நிமிடப் பாட்டு 65 நிமிடம் 18 விநாடி ஓடும். சுருதியோ வீணையின் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை மெட்டு இறங்கிவிடும். பேச்சில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. சளி பிடித்த குரல் போலத் தோன்றி, நாளடைவில் அதுவே அவர் குரலென்று பழகியும் போகும். பாட்டில் சுருதி அறிந்த செவிக்கு உடனே புலப்படும்.

சில வேளைகளில் செய்தியோடு ஓர் எண்ணும் வரும். அது வெறும் அலங்காரமன்று. ஆடாசிட்டி ஒலிச் சாதனங்களோடு பேசுவதற்குப் பயன்படுத்தும் 'போர்ட்ஆடியோ' என்னும் நிரல் தொகுதியின் குறியீடு அது. –9996 என்றால் அத்தகைய சாதனம் இல்லை என்பது பொருள். –9997 என்றால் சாம்பிள் ரேட் பொருந்தவில்லை. –9998 என்றால் தடங்களின் எண்ணிக்கை, அதாவது மோனோ, ஸ்டீரியோ என்பது பொருந்தவில்லை. –9985 என்றால் சாதனம் உண்டு, ஆனால் இப்போது கிடைக்கவில்லை. வேறொரு மென்பொருள், உதாரணமாகக் காணொளிக் கூட்டத்துக்கான செயலி, அதைத் தனியுரிமையாகப் பிடித்து வைத்திருக்கலாம். அதை மூடிவிட்டு மீண்டும் முயலுக. –9999 என்பது மட்டும் காரணம் சொல்லாத எண்; எதிர்பாராத பிழை என்று இயக்கமுறையின் மேல் பழியைப் போட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த –9999 பதிவு செய்ய முற்படும்போது வருமானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் 2018-ஆம் ஆண்டுக்குப் பின், மைக்கைப் பயன்படுத்தச் செயலிகளுக்கு அனுமதி உண்டா இல்லையா என்னும் தனியுரிமை அமைப்பு எல்லா மென்பொருள்களையும் கட்டுப்படுத்துகிறது. அனுமதி மறுக்கப்பட்டிருந்தால், முன்பு பதிந்த பாட்டைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் இன்னொரு குரலைப் பதிய நினைக்கும்போது இரண்டுமே நின்றுவிடும். ஆடாசிட்டி புதுப்பிக்கப்பட்ட அதே வாரத்தில் விண்டோஸும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். நாம் கண்ணெதிரே நடந்ததன் மேல் குற்றம் சாட்டுவோம். ஆப்பிள் கணிப்பொறியிலும் 'பிரைவசி' பகுதியில் மைக்கிற்கான அனுமதி உண்டு. லினக்ஸ் பயன்படுத்துவோர் ஹோஸ்டாக ஆல்சாவையும், சாதனமாக 'டிஃபால்ட்' அல்லது 'பல்ஸ்' என்பதையும் தேர்ந்தால் பெரும்பாலும் போதும்.

இவை எதனாலும் தீராவிட்டால் 'டூல்ஸ்' பட்டியலில் உள்ள 'ரீசெட் கான்ஃபிகரேஷன்' என்பதை அழுத்தலாம். நாம் செய்து வைத்த விருப்ப அமைப்புகள் மறையும். பதிவுகளுக்கு ஒரு தீங்கும் நேராது.

இதுகாறும் கூறியது வழியில் நேரும் இடையூறு. குரல் தங்கியிருக்கும் கோப்பில் நேரும் இடையூறோ வேறு. அதிலேதான் ஈடு செய்ய முடியாத இழப்புகள் நிகழ்கின்றன.

2021-ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு வரையில், ஆடாசிட்டி ஒரு பிராஜெக்டை இரண்டாகப் பிரித்து வைத்தது. ஏ.யு.பி. என்னும் சிறு கோப்பு ஒன்று. அதே பெயரோடு 'டேட்டா' என்று முடியும் கோப்புறை ஒன்று. கோப்பு வெறும் பொருளடக்கம் மட்டுமே. குரலோ கோப்புறைக்குள் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாகக் கிடந்தது. 3.0 முதல் இரண்டும் ஒன்றாகி, ஏ.யு.பி.3 என்னும் ஒரே கோப்பாயின. பழைய பிராஜெக்டைப் புதிய பதிப்பில் திறந்தால் அது துண்டுகளைத் தேடி எடுத்துப் புதிய கோப்பாக்கிக் கொள்ளும். பழையனவற்றை அப்படியே விட்டுவிடும். ஆனால் புதிய கோப்பைப் பழைய 2.4.2 போன்ற பதிப்புகள் திறக்க மாட்டா.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், கணிப்பொறியில் இடம் போதவில்லை என்று ஒருவர் கோப்புறைகளைக் களையத் தொடங்கினார். பொருள் விளங்காத எண்களையும் எழுத்துகளையும் பெயராகக் கொண்ட நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கண்டு, குப்பை என்று நினைத்து நீக்கிவிட்டார். ஏ.யு.பி. கோப்பு மட்டும் எஞ்சியது. புதிய பதிப்பில் அதைத் திறந்தபோது விடுபட்ட துண்டுகளைக் குறித்து எச்சரிக்கை வந்தது. எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அழுத்தினர். மென்பொருள் தன் கடமையைச் செய்தது. காணாத இடங்களையெல்லாம் மௌனத்தால் நிரப்பியது. அன்னையார் பேசியது 40 நிமிடம். இப்போதும் அக்கோப்பு 40 நிமிடம் ஓடுகிறது. அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆகையால் விடுபட்ட துண்டுகளைப் பற்றிய எச்சரிக்கை வந்தால், எதையும் சேமிக்காமல் மூடிவிடுவதே முறை. பிறகு 'டேட்டா' கோப்புறையைத் தேட வேண்டும். பல வேளைகளில் அது அழிந்திராது. பெயர் மாற்றப்பட்டிருக்கும், அல்லது பென்டிரைவில் கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டு கோப்புறையை ஊரிலுள்ள கணிப்பொறியிலேயே விட்டு வந்திருப்போம். பழைய பெயரை மீட்டு, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துத் திறந்தால் நேர்கோடு மீண்டும் அலையாகும். கணிப்பொறியின் 'ரீசைக்கிள் பின்'னையும் பார்க்கத் தவறற்க.

பென்டிரைவ் என்றதும் மற்றொன்று. அவை பலவும் 'ஃபாட்32' என்னும் பழைய முறையில் அமைக்கப்பட்டவை. அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.க்கு மேற்பட இயலாது. ஆடாசிட்டி இயல்பாகக் கையாளும் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவு ஏறக்குறைய 1.27 ஜி.பி. ஆகும். மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலே போனால் எல்லை கடந்துவிடும். பழைய முறையில் துண்டுகளாக இருந்தவரை இத்தொல்லை இல்லை; ஒரே கோப்பானதும் தொல்லை பிறந்தது. இதனாலேயே புதிய பதிப்பு அத்தகைய பென்டிரைவிலிருந்து பிராஜெக்டைத் திறக்க மறுத்து, வேறிடத்துக்கு நகலெடுத்துத் திறக்கச் சொல்லும். அது சொல்வதைச் செய்ய வேண்டியதுதான். கூகுள் டிரைவ் போன்று தானே இணையத்துக்கு நகலெடுக்கும் கோப்புறைகளுக்குள் வைத்துக்கொண்டு தொகுப்பதும் தகாது. வேலை முடித்து, மூடியபின் அங்கே வைக்கலாம்.

ஏ.யு.பி.3 என்பது உண்மையில் 'எஸ்க்யூலைட்' என்னும் தரவுத்தளக் கோப்பு. அது திறந்திருக்கும்போது பக்கத்திலேயே 'வால்' என்று முடியும் துணைக் கோப்பு ஒன்று தோன்றும். தமிழில் அச்சொல் என்ன பொருள் தரினும், இதை நறுக்கிவிடலாகாது. நாம் செய்த அண்மை மாற்றங்கள் அதில்தான் இருக்கும். மின்சாரம் நின்றோ மென்பொருள் முறிந்தோ போனால், துணைக் கோப்பைத் தொடாமல் மென்பொருளை மீண்டும் திறந்தால், மீட்டுத் தரவா என்று அதுவே கேட்கும்.

வாட்சாப் வழியாகவும் கைபேசியிலிருந்தும் வரும் எம்4ஏ போன்ற கோப்புகளை விண்டோஸில் ஆடாசிட்டி தானே திறக்காது. 'எஃப்எஃப்எம்பெக்' என்னும் துணைத் தொகுதி வேண்டும். 64-பிட் ஆடாசிட்டிக்கு மாறியவர்கள் அதையும் 64-பிட்டாக நிறுவ வேண்டும். பழையது இருந்தும் இல்லாதது போலவே நடந்துகொள்ளும்.

பதிப்புகள் இன்னும் மாறும். எனவே பிராஜெக்ட் கோப்பை நம்பி மட்டும் குரலை விட்டு வைக்காமல், தொகுப்பு முடிந்தவுடன் 'எக்ஸ்போர்ட்' வழியாக வேவ் கோப்பாக எடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைப்பது வழக்கமாக வேண்டும். வேவ் என்பது 1991 முதல் வழங்கும் எளிய வடிவம். எந்த மென்பொருளும் அதைப் படிக்கும். சங்க விழாவுக்கு நாடக ஒலியைப் பொறுப்பேற்றிருப்பவர்கள், விழா முடியும்வரை மென்பொருளையும் விண்டோஸையும் புதுப்பிக்காமல் நிறுத்தி வைக்கலாம். மேடைக்குக் கொண்டு செல்வது பிராஜெக்டாக இராமல் வேவ் கோப்பாகவே இருக்கட்டும். அரங்கத்தின் ஸ்பீக்கரில் ஒருமுறை முழுவதும் ஓடவிட்டுக் கேட்டபின் திரையைத் தூக்கலாம்.